இருளாண்டி தோற்ற வழக்கு

அருப்புக்கோட்டை கோர்ட்டில் ஒரு சாட்சியை நான் மடக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. பல வாய்தாக்களுக்குப் போக்குக் காட்டிவிட்டு அன்றுதான் கூண்டேறியிருந்தான். வாய் தவறி உண்மையைச் சொல்லப் போகிற சமயம், வக்கீல் சங்கச் செயலாளர் உள்ளே வந்து, "இருளாண்டியண்ணன் போயிட்டாக" என்றார். வக்கீல் ஒருவர் இறந்தால் அன்றைக்கு வேலை பார்ப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். நீதிபதியும் எழுந்துவிட்டார். சாட்சி பிழைத்தான். போகிற போக்கிலும் என் கேஸைக் கெடுத்துவிட்டுத்தான் போனார் இருளாண்டி.

அவரை வக்கீலாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் அறிந்தவர்கள் நீங்கள். நினைவு மலருக்கு எழுதக் கேட்டபோது, பொறாமையோடுதான் எழுத வரும் என்றேன். சிரித்தீர்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இருவரும் ஒரே சீனியரிடம் தொழில் பழகினோம். சட்டம் எனக்குத்தான் அதிகம் தெரியும். சபையடக்கம் பார்க்காமல் சொல்கிறேன். ஆனால் ஜனங்கள் என்னிடம் வந்து யோசனை கேட்டுவிட்டு, வக்காலத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காரணம் எனக்குத் தெரியும். நிலத்தகராறு என்றால், காட்டுக்குப் போய் நாலு எல்லையும் நடந்து பார்க்காமல் அவர் பத்திரத்தைத் தொடமாட்டார். கறுப்புக் கோட்டும் கால்சட்டை ஓரத்தில் ஒட்டிய நெருஞ்சி முள்ளுமாகத்தான் கோர்ட்டுக்கு வருவார். அதைப் பிடுங்கிவிட்டு வந்தால் என்ன என்று கேட்டேன். "ஏலே, நீ புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு வார. நான் இதக் கொண்டு வாரேன்" என்றார். நீதிபதியின் கண் என் புத்தகத்தைவிட அந்த முள்ளின் மேல்தான் அதிகம் இருக்கும்.

பிறகு தேர்தலில் நின்றார். பந்தல்குடி கடைவீதியில் லாரிச் சத்தத்துக்கு நடுவே அவர் பேசிய பேச்சு இன்றும் காதில் இருக்கிறது. "எனக்கு ஓட்டுப் போடாட்டியும் போங்க. அண்ணன் தம்பி மேல கேஸு மட்டும் போட்றாதீங்க." தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறாரே என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன். அமோகமாக ஜெயித்தார். ஓட்டுப் போட்டுவிட்டு வந்த என் மனைவியிடம், யாருக்குப் போட்டாய் என்றேன். "வக்கீலுக்குத்தான்" என்றாள். எந்த வக்கீல் என்றேன். "ஊர்ல வக்கீலுன்னா யாரு?" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவரை நான் ஒரே ஒரு வழக்கில் ஜெயித்திருக்கிறேன். அவர் தேர்தலில் நிற்பதற்கு முந்தைய வழக்கு அது. பரளச்சிப் பக்கம் இரண்டு ஊர்களுக்கு நடுவே கண்மாய்த் தண்ணீர்த் தகராறு. மேல ஊருக்கு நான், கீழ ஊருக்கு அவர். தீர்ப்பு என் பக்கம் வந்தது. மாலை போடுவார்கள் என்று சட்டையைத் தேய்த்து வைத்துக் காத்திருந்தேன். அதற்குள் தோற்ற வக்கீல் என் கட்சிக்காரர் வீட்டிலேயே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "தீர்ப்ப மனுசன் படிப்பான், தண்ணி படிக்காது. உங்க வயக்காடு நனைஞ்சதும் மிச்சத்தக் கீழ விட்ருங்கய்யா" என்றாராம். விட்டார்கள். தேர்தல் வந்தபோது மேல ஊரும் ஒட்டுமொத்தமாக அவருக்கே போட்டது.

டீக்கடையில் பேச்சுக் கிளம்பியது. "அண்ணன் ஓட்டுக்காக விட்டுக்குடுத்துட்டாரு. இல்லாட்டி இவராவது ஜெயிக்கவாவது?" அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவரோ என்னை எங்கே கண்டாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம், "என்னையத் தோக்கடிச்ச ஆளு இவருதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அது பாராட்டா, பிச்சையா என்று எனக்குத் தெரியவில்லை. வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தீர்களா என்று அவரிடம் கேட்கவும் இல்லை. ஆமாம் என்றால் தாங்கமாட்டேன். இல்லை என்றால் நம்பமாட்டேன். கேட்க ஆள் இருந்த வரைக்கும் கௌரவம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக் கேதத்துக்குப் போனேன். திருச்சுழி ரோட்டில் வண்டி நிறுத்த இடமில்லை. ஆளுங்கட்சிக்காரர்களும் எதிர்க்கட்சிக்காரர்களும் தோளோடு தோள் நின்றார்கள். எனக்கு இத்தனை கூட்டம் வருமா என்று அங்கேயும் கணக்குப் போட்டேன். உள்ளே அவருடைய மனைவி இருந்தார். நான் மதனி என்று கூப்பிடுவேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, உங்களப் பாக்கவும் அந்தக் கண்மா கேஸு ஞாபகம்தான் வருது. தோத்துட்டு வந்த அன்னைக்கு அவுகளுக்குச் சோறு எறங்கல. தட்டத் தள்ளி வச்சுட்டு, 'அந்தப் பய மாதிரி எனக்குப் பேச வராது'ன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாக. பிள்ளைகளக் காரணமில்லாம வஞ்சாக. பெறகு ஊர்ல ஒரு மாதிரி பேசவும், விட்டுக்குடுத்தீகளான்னு நான்கூடக் கேட்டேன். 'தோக்குறதுக்குன்னு எவனாச்சும் கோர்ட்டுக்குப் போவானா'ன்னு எம்மேலயும் எரிஞ்சு விழுந்தாக."

கேத வீட்டில் சந்தோஷப்படக் கூடாது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். தடவத் தடவ நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

அவருடைய பேரையும் புகழையும் ஊர் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அவர் தள்ளி வைத்த அந்தச் சோற்றுத் தட்டு போதும். ஒரு நாளாவது இருளாண்டி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்.