எழுபத்தெட்டு கிலோ

லிஃப்டில் ஆள் கூடிப்போனால் ஒரு சத்தம் வரும். மணியும் இல்லை, சங்கும் இல்லை. மூக்கடைத்த பூனை மூச்சு விடாமல் அழுவதைப் போல ஒரு சத்தம். வெளிவட்டச் சாலையோரம் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கட்டடத்தில் காலை ஒன்பதரைக்கு அது தவறாமல் கேட்கும். உள்ளே நெருக்கியடித்து நிற்பவர்கள் எல்லோரும் உடனே கைப்பேசியைப் பார்ப்பார்கள். கடைசியாக ஏறியவர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்ப்பார். அந்தப் பெட்டிக்குள் யாருக்கும் சொந்த எடை கிடையாது. எடை எப்போதும் பக்கத்து ஆளுடையது. நான் இறங்கிவிடுவேன். சிலர் நன்றி சொல்வார்கள், ஏதோ பெருந்தன்மை என்று. அதெல்லாம் இல்லை. அந்தச் சத்தம் வந்த மறுகணம் எனக்கு மச்சானின் குரல் கேட்கும்: "அது திட்டல மாமா. உள்ளத சொல்லுது, அவ்ளோதான்."

மச்சான் என் மனைவியின் தம்பி. நீலசந்திராவில் குடியிருந்தான். இருபது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே யாராவது மாட்டிக்கொண்டால் அவனுக்குத்தான் போன் வரும். போனதும் கருவியை எடுக்க மாட்டான். கதவிடுக்கில் வாயை வைத்து, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பான். கன்னடத்தில், சாப்பிட்டாயிற்றா என்று. உள்ளே கதறிக்கொண்டிருப்பவர் ஒரு நொடி திகைத்து, இட்லி என்றோ இல்லை என்றோ பதில் சொல்லும்போது பாதி பயம் இறங்கிவிடும் என்பது அவன் கணக்கு. இன்னொரு வித்தையும் அவனிடம் இருந்தது. ஆளைப் பார்த்தே எடை சொல்லிவிடுவான். கால் வைத்ததும் பெட்டி ஒரு நூலளவு அமுங்குமே, அதை இருபது வருடம் பார்த்துப் பார்த்து வந்த கண். கல்யாண வீடுகளில் பந்திக்குப் போகும்போது ஓர் எடையும் திரும்பும்போது ஓர் எடையும் சொல்லி, எங்கள் பக்கத்து அத்தைகளிடம் அடி வாங்கியிருக்கிறான்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அலுவலகத்தில் பதினோராவது மாடியில் உட்கார்ந்திருந்தேன். திறக்கவே திறக்காத ஜன்னல்கள். அவற்றுக்கு வெளியே வானம் மீன்தொட்டித் தண்ணீர் போல அசையாமல் நிற்கும். மாலையில் பழைய மதராஸ் சாலையில் காருக்கும் காருக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம். பிறகு ஜோகுபாளையத்துச் சந்து. இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டிய அகலம். அதற்குப் பிறகு மாடிப்படி. அதற்கும் பிறகு நான். எழுதிக்கொண்டிருந்த உரைநடைக் கவிதைகள்கூட அந்த வருடம் ஒவ்வொரு வரியிலும் சுவரில்தான் போய் முட்டின. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை ஹொசகோட்டைப் பக்கம் போனபோது, முதுகில் விசிறியோடு ஒரு மனிதன் வயலுக்கு மேலே போவதைப் பார்த்தேன். தலைக்கு மேல் வளைந்த துணி இறக்கை. காலை ஆட்டிக்கொண்டு, குளத்து மேட்டில் உட்கார்ந்திருப்பவனைப் போல் போனான். அடுத்த வாரமே பாராமோட்டார் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன்.

கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் மேடம் என்றுதான் சொன்னோம். என்னைவிடப் பத்து வயது இளையவர். வறண்டுபோன ஓர் ஏரிதான் அவருடைய மைதானம். முதல் ஐந்து வாரம் மோட்டாரைக் கண்ணிலேயே காட்டவில்லை. வெறும் இறக்கையைக் காற்றில் தூக்கி, தலைக்கு மேல் நிறுத்தி, விழுந்து, புழுதி தின்று, மறுபடி தூக்க வேண்டும். நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து எந்த மோட்டாருக்கு எவ்வளவு வேகம் என்று பேசிக்கொண்டால் அவருக்குப் பிடிக்காது. "முதல்ல உங்க எடை. அதுக்கேத்த இறக்கை. அதுக்கப்புறம்தான் மோட்டார். எல்லாரும் தலைகீழா வாங்குறீங்க ஸார். மாலைய வாங்கிட்டு மாப்பிள்ளை தேடுற மாதிரி." இன்னொன்றும் சொல்வார்: தூக்கிக்கொண்டு முப்பது அடி ஓட முடியாத மோட்டார் மோட்டாரே அல்ல, மூட்டை.

ஆறாவது வாரம் ஒரு தாளைக் கொடுத்தார். பெயர், வயது, எடை. நான் எழுபத்தெட்டு என்று எழுதினேன். பொய் என்று நினைத்து எழுதவில்லை, அதுதான் வேடிக்கை. பத்து வருடமாக அலுவலக மருத்துவப் படிவம், காப்பீடு, ரத்ததான முகாம் என்று எங்கே கேட்டாலும் கை தானாக எழுதும் எண் அது. என் கையெழுத்தைப் போல அதுவும் பழகிப்போயிருந்தது. தெருமுனை மருந்துக்கடைத் தராசில் ஏறி நின்று தொண்ணூற்றொன்றைப் பார்த்தவனும் நான்தான். ஆனால் அவன் வேறு ஆள், படிவம் நிரப்புகிறவன் வேறு ஆள். மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கரெக்ட்டா ஸார்?" "கரெக்ட் மேடம்." தன் உயிர் விஷயத்தில் யாரும் தப்பாக எழுதிக்கொடுக்க மாட்டார்கள் என்று நம்பியவர் அவர். ஊரை விட்டுப் போகிற ஒருவர் தன் இறக்கையையும் மோட்டாரையும் விற்பதாகவும், என் எடைக்கென்றே செய்தது போல இருப்பதாகவும் சொன்னார். என் எடைக்கு அல்ல. எழுபத்தெட்டுக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், சனிக்கிழமை தனியாகப் பறக்கலாம் என்றார். அந்தச் சனிக்கிழமை என்ற சொல்லை ஒரு வாரம் நாக்கில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தேன்.

வாங்கிய மோட்டாரை வீட்டு மாடிக்கு ஏற்ற மச்சான் வந்தான். மோட்டாரைச் சுற்றியிருக்கும் வட்டக் கூண்டு படிக்கட்டில் நுழையவில்லை. நான்கு துண்டாகக் கழற்றி ஏற்றி, கூடத்தில் மறுபடி பூட்டினோம். கூடம் முழுவதும் அதுதான் இருந்தது. தரையில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, தொடைக்கு இரண்டு பட்டை, மார்புக்கு ஒன்று என்று வரிசையாகப் பூட்டிக்கொண்டேன். எழ முடியவில்லை. முன்னால் குனிந்தால் மோட்டார் பின்னால் இழுத்தது. கழற்றலாம் என்றால் தொடைப் பட்டையின் கொக்கி வயிற்றுக்கு அடியில் எங்கோ போய்விட்டது, கை எட்டவில்லை. பறப்பதற்காக வாங்கியது என்னைச் சமையலறைக்கும் டிவிக்கும் நடுவே மல்லாத்திப் போட்டிருந்தது. மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். மச்சான் என் முகத்தருகே குந்தி உட்கார்ந்து, தன் தொழில் குரலில் கேட்டான்: "ஊட்டா ஆய்த்தா மாமா?"

நானும் சிரித்தேன். கொக்கியை விடுவித்தவன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டான். இறக்கைப் பையில் தைத்திருந்த சீட்டைத் திருப்பிப் படித்தான். ஆள், மோட்டார், பெட்ரோல் எல்லாம் சேர்த்து இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது: நூற்றிருபத்தைந்து கிலோ. ஒவ்வொரு லிஃப்டிலும் இப்படி ஒரு தகடு இருக்கும். யாரும் படிப்பதில்லை, அவன் மட்டும் படிப்பான்.

"மாமா, நீங்க எவ்ளோ?"

"எழுபத்தெட்டு."

அவன் விரலை மடக்கினான். "எழுபத்தெட்டு. மோட்டார் இருபத்தேழு. பெட்ரோல் ஏழு. றெக்கத் துணி, ஹெல்மெட்டு, ஷூவு ஒரு ஒம்போது. நூத்தி இருபத்தொண்ணு. அப்ப நாலு கிலோ மிச்சம்." பையை மெதுவாக மூடினான். "நாளைக்கு காலைல சைட்டுக்கு வாங்க. எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க."

அல்சூர் ஏரிப்பக்கம் ஒரு புதுக்கட்டடத்தில் அவன் அப்போது லிஃப்ட் பூட்டிக்கொண்டிருந்தான். யாரும் குடிவராத வீடுகள், ஈரச் சிமெண்ட் வாசனை. லிஃப்டுக்குப் பக்கத்தில் இரும்பு எடைக்கட்டிகள் அடுக்கியிருந்தன. ஆட்களுக்குப் பதில் அவற்றை ஏற்றித்தான் லிஃப்டைச் சோதிப்பார்கள். கட்டிகளை வெளியே எடுத்துவிட்டு என்னை உள்ளே நிற்க வைத்தான். முதுகில் மோட்டார், பெட்ரோலுக்குப் பதில் ஒரு தண்ணீர் கேன், கையில் இறக்கைப் பை, தலையில் ஹெல்மெட். கதவு மூட வந்து, கூண்டில் இடித்து, திறந்து, மறுபடி மூட வந்து இடித்தது. பின்சுவருக்கும் கதவுக்கும் நடுவே நான் நின்றேன். அவன் வெளியே, கம்பி செருகிய ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை என் பக்கம் திருப்பிக் காட்டினான். நூற்று முப்பத்து நான்கு கிலோ.

"இந்த லிஃப்டுக்கு நீங்க ஒண்ணுமே இல்ல மாமா. பத்து பேர தூக்கும். துணிக்கு?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேடம் பலமுறை சொல்லியிருந்தார். துணி கிழிந்துவிடாது. பறக்கும். வேகமாகப் பறக்கும், அதே வேகத்தில் தரைக்கு வரும். கைதேர்ந்தவர்கள் அதை வேண்டுமென்றே செய்வார்கள். முதல்முறை தனியாக இறங்குகிறவனுக்கு அது கணுக்காலிலோ இடுப்பிலோ முதுகெலும்பிலோ வந்து முடியும். சரியான அளவு இறக்கை வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றும், அதற்குள் காற்றுக்காலம் மாறிவிடும் என்றும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தத் தாளை அடித்துத் திருத்த வேண்டும். அதுதான் என்னால் முடியாது. "சொல்லாத மச்சான்," என்றேன். "சனிக்கிழமை ஒரே ஒரு தடவ. அப்புறம் மாத்திக்கறேன்."

அவன் தண்ணீர் கேனைக் கழற்றினான். "லிஃப்ட்ல மாட்டுனவங்க யாரும் மாட்டுனதால சாவறதில்ல மாமா. கதவு பாதி தொறந்திருக்கும். நானே குதிச்சிட்றேன்னு குதிப்பாங்க. கீழ பள்ளம் இருக்கும். அங்கதான் உசுரு போறது."

சனிக்கிழமை அவனும் கூட வந்தான். வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை. இறக்கையைப் பனிப்புல்லில் விரித்து, கயிறுகளைப் பிரித்து, மோட்டாரை மாட்டிக்கொண்டு நின்றேன். மேடம் ஒவ்வொரு கொக்கியாகத் தட்டிப் பார்த்துவிட்டு விலகினார். காற்று முகத்துக்கு நேரே வந்தது. உடம்பில் மூன்று பட்டைகள். நான்காவதாக ஓர் எண் நெஞ்சை இறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியம் போதும், சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டே நிமிடம், வானத்துக்குப் போய்விட்டால் இதெல்லாம் கீழே கிடக்கும் என்று நினைத்தேன். அப்போது மச்சான் மேடத்திடம் நடந்து போனான்.

"மேடம், நம் பாவா தொம்பத்தொந்து கேஜி இதாரே."

எங்கள் மாமா தொண்ணூற்றொரு கிலோ இருக்கிறார் என்று. மேடத்துக்குத் தமிழ் தெரியும், அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கன்னடத்தில்தான் சொன்னான். வீட்டில் பேசும் மொழியில் மாமாவைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு வாய் வரவில்லை என்று இன்று நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை. மேடம் கத்தவில்லை. அருகே வந்து, பூட்டிய வரிசைக்கு எதிர்வரிசையில் ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினார். "என்கிட்ட பொய் சொன்னா பரவால்ல ஸார். நான் கோபப்பட்டு மறந்துருவேன். காத்துகிட்ட சொல்லலாமா?" மற்ற மாணவர்கள் மிகுந்த அக்கறையோடு மேகம் பார்த்தார்கள்.

நான் அந்த மைதானத்துக்குப் போவதை நிறுத்தினேன். மச்சானோடு பேசுவதையும் நிறுத்தினேன். இறக்கையும் மோட்டாரும் திரும்பிப் போய், கூடம் மறுபடி கூடமானது. ஆனால் முன்பைவிடச் சின்னதாக இருந்தது. பதினோராவது மாடியில் மீன்தொட்டி வானம். கோபம் ஒரு நல்ல அறை, அதில் ஆள் ஒரு மாதம் இருக்கலாம். பிறகு அதற்கும் ஜன்னல் இல்லை என்று தெரியவரும். என்னை அடைத்து வைத்தது கட்டடமோ சாலையோ இல்லை, நான் இல்லாத ஓர் ஆளுக்குள் நான் குடியிருந்ததுதான் என்று சிக்னலில் நிற்கும்போது சில நாள் தோன்றும். பச்சை விழுந்ததும் மறந்துபோகும். இன்று என் கட்டிலுக்கடியில் இருக்கும் இறக்கை ஓர் அளவு பெரியது, மோட்டார் அன்றையதைவிட இலேசானது. ஓடிப்போய் மேலே ஏறியதும் கால் இரண்டும் தானாக ஆடுகின்றன. அதெல்லாம் பிறகு. அந்த வருடம் நான் வாய்மூடிக் கிடந்தேன். அவன் இரண்டுமுறை வீட்டுக்கு வந்து அக்காவோடு பேசிவிட்டுப் போனான். நான் குளியலறையில் இருந்தேன்.

அவனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. அறுபது எழுபது மாடிக்கு லிஃப்ட் பூட்டும் வேலை. வழியனுப்ப வர மாட்டேன் என்றேன். மனைவி வண்டிச் சாவியை என் கையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். விமான நிலைய வாசலைத் தாண்டிப் பயணச்சீட்டு இல்லாதவர்கள் போக முடியாது. அவள் தம்பியின் சட்டைக் காலரை இழுத்து விட்டாள், அழுதாள், குளிர்சாதன அறையில் காதைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அவன் தள்ளுவண்டியைத் திருப்பினான். என்னைப் பார்த்து வெறுமனே தலையசைத்தான், லிஃப்டில் எதிர்ப்படும் அந்நியரிடம் அசைப்பது போல. வரிசை நகர்ந்தது.

"தொண்ணூத்தி மூணு," என்றேன்.

அவன் நின்றான். காலிலிருந்து தலைவரை ஒருமுறை என்னைப் பார்த்தான்.

"ஷூவோடயா?"

"ஷூ இல்லாம."

பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். மச்சான் வண்டியை வாசலுக்குள் தள்ளிவிட்டு, கழுத்தை மட்டும் திருப்பினான். "அத எதுக்கு மாமா என்கிட்ட சொல்றீங்க? மேடம்கிட்ட போய் சொல்லுங்க."