எந்தக் கை என்று சொல்லாமல் விட்டேன்

போன ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தேன். யேசுதாசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை.

"மாஸ்டர், நீங்கள் சொன்ன கணக்கைக் கடலுக்குள்ள செய்து பாத்தனான்."

சரியாக வந்ததா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

யேசுதாசன் ஓலைத்தொடுவாய்க் கடலில், முதுகில் சிலிண்டரோடு சங்கு குளிப்பவர். மகள் என்னிடம் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படிக்கிறாள். ஒரு பின்னேரம் அவளைக் கூட்டிப்போக வந்தவர் கரும்பலகையைப் பார்த்துவிட்டு, "இதென்ன, ரெண்டைப் பெருக்க மூண்டாவது ஒண்டு வருது?" என்று கேட்டார்.

கேட்டால் சும்மா இருப்பேனா? அலகுக் காவி, அதாவது யூனிட் வெக்டர், என்றால் நீளம் ஒன்று, கூடவே ஒரு திசை, அவ்வளவுதான் என்று தொடங்கினேன். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் புள்ளிப் பெருக்கம் ஒன்று. செங்குத்தாக இருந்தால் பூச்சியம் — ஒன்றுக்கு மற்றதைப் பற்றி எதுவுமே தெரியாது. குறுக்குப் பெருக்கம் வேறு மாதிரி. கிழக்கை வடக்கால் பெருக்கினால், இரண்டுக்கும் செங்குத்தாக நேர் மேலே ஒன்று எழும்பும். விரல்களைக் கிழக்கிலிருந்து வடக்குக்கு மடித்துப் பாருங்கள், பெருவிரல் மேலே காட்டும் என்றேன்.

"அப்ப கலங்கல் தண்ணிக்குள்ளயும் மேல் எதெண்டு பிடிக்கலாமோ?"

"ஓம், தாராளமாய்!" என்ன பெருமை எனக்கு...

அந்த ஞாயிறுக்கு முந்திய வியாழன் நடுப்பகல், அவர் பாதி ஆழத்தில் இருந்தபோது கடலடிச் சேறு கிளம்பிவிட்டது. முகத்துக்கு முன்னால் பிடித்த கையே தெரியவில்லையாம். உடம்பில் பாரமும் இல்லை. எது மேல், எது கீழ்? நீரோட்டம் வடக்கே இழுத்தது. கிழக்கே இருந்த பாறை தோளில் முட்டியது. பாறைப் பக்கமிருந்து நீரோட்டப் பக்கம் விரல்களை மடித்தார். பெருவிரல் காட்டிய பக்கம் நீந்தினார்.

"நீந்த நீந்தக் குளிருது மாஸ்டர். காது அமத்துது. பிறகு முகத்தில மண் பட்டுது."

"மண்ணோ?" என்றேன்.

"மூச்சை விட்டன். குமிழியெல்லாம் நெஞ்சைத் தடவிக்கொண்டு காலுக்குப் போகுது... ஆரோ கால்மாட்டில இருந்து இழுக்கிற மாதிரி. குமிழி போற பக்கம் திரும்பித்தான் மேல வந்தனான்."

சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் இருந்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. வேறொன்று கேட்டேன்.

"எந்தக் கையால செய்தனீங்கள்?"

"இடது. வலது கையில சங்குப் பை எல்லோ."

வலக்கை என்று நான் சொல்லவேயில்லை! மேலே போகும் திசையும் செங்குத்து, கீழே போகும் திசையும் செங்குத்து. நீரோட்டத்தோடும் பாறையோடும் புள்ளிப் பெருக்கம் செய்தால் இரண்டுமே பூச்சியம்தான். தீர்த்து வைப்பது கை மட்டுமே. இடக்கை நேரே அடிக்கு அனுப்பிவிடும் — நீங்களும் மடித்துப் பாருங்கள். கரும்பலகையில் அது வெறும் ஒரு மைனஸ் அடையாளம். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் இதே கணக்கைக் கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் இடக்கையை மடித்தார்கள். ஏன்? வலக்கையில் பேனை!

"பேனையைக் கீழ வையுங்கோ!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே அடங்கிவிட்டது.

நான் சொல்லும் முன்பே பேனையைக் கீழே வைத்துவிட்டு வலக்கையை மடித்தவள் ஒருத்திதான். யேசுதாசனின் மகள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.