ஆடிக் காற்று தந்த வகுப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கடற்கரைப் பக்கம் புதிதாக ஒரு கல்லூரி வந்தது. அதில் மனோதத்துவம் என்று ஒரு பட்டப்படிப்பு இருந்ததைப் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. நானும் கவனித்துச் சேரவில்லை. பொருளாதாரத்தில் இடம் தீர்ந்துவிட்டது என்றார் குமாஸ்தா. வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன். "சைக்காலஜி இருக்கு. அந்த ரூம்ல காத்தாட உக்காரலாம்" என்றார். சேர்ந்துவிட்டேன். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பாவுக்கு, மனதைப் பற்றிய படிப்பு என்று எழுதிப் போட்டேன். கணக்கைப் பற்றிய படிப்பாக இருந்தால் கடைக்கு உதவியிருக்கும், பரவாயில்லை, தொழுகையை விட்டுவிடாதே என்று பதில் வந்தது.

அந்த வருடம் நாங்கள் மூன்றே பேர். ஆசிரியரும் ஒருவர்தான். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இன்னும் கல்யாணம் ஆகாதவர், தாயாரோடு கல்லூரிக்குப் பின்னால் ஒரு வீட்டில் குடியிருந்தார். நாங்கள் அவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் பாடம் கேட்டோம். யாராவது கொட்டாவி விட்டால் பாடத்தை நிறுத்திவிட்டு, "வாங்க, வெளியே போய்ப் பேசலாம்" என்று வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போவார்.

அடுத்த வருடம் பத்துப் பன்னிரண்டு பேர் புதிதாகச் சேர்ந்துவிட்டார்கள். ஆசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாள் அவர்களிடம் என்ன பேசுவது என்று எங்களிடமே பேசிப் பேசிப் பார்த்தார். வகுப்புத் தொடங்குவது திங்கட்கிழமை. முந்தின நாள் ஆடி அமாவாசை. தாயாரைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போனவர், காலை வண்டியில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனார்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து காற்று ஊளையிட்டது. கல்லூரி மைதானத்துப் புழுதி முழுக்க வராந்தாவில் வந்து படிந்தது. மணியடிக்கும் முன்பே முதல்வர் என்னை அழைத்து வரச் சொன்னார். மேசைமேல் ஒரு தந்தி கிடந்தது.

"காத்து பலமா இருக்காம். பாம்பன் பாலத்துல வண்டியை விடலை. உங்க சார் எப்ப வந்து சேருவார்னு தெரியாது" என்றார். "புதுப் பசங்க வந்து உக்காந்திருக்காங்க. நீதானே போன வருஷம் உங்க வகுப்புல முதல் மார்க்கு?"

"நாங்க மூணு பேர்தான் சார்."

"அந்த மூணு பேர்ல நீதானே முதல்? போய்ப் பேசு."

என்ன பேசுவது என்று கேட்பதற்குள் அவர் அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

என் வகுப்பில் இன்னொருவன் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தான். மூன்றாமவன் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னாலே வியர்த்துப்போவான். அவனையும் இழுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்தேன். எல்லோரும் சடாரென்று எழுந்து நின்றார்கள். பையன்களுக்குப் பின்னால் கடைசி பெஞ்சில் மூன்று பெரியவர்களும் தோளில் துண்டோடு நின்றார்கள், பிள்ளைகளைச் சேர்த்துவிட வந்த அப்பாமார்கள். ஜன்னலோரம் தனியாக ஒரு பெண். அந்த வகுப்புக்கு வந்த முதல் பெண் அவள்தான்.

"உக்காருங்க. நான் வாத்தியார் இல்ல. ரெண்டாம் வருஷம் படிக்கிறவன்" என்றேன். ஆசிரியர் வர முடியாத காரணத்தையும் சொன்னேன். உட்கார்ந்தார்கள். சிலர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் மட்டும் உட்காராமல் நின்றார். நல்ல உயரம், காதில் கடுக்கன். உப்பூர்ப் பக்கம் நிலபுலன் உள்ளவர் என்று பிறகு தெரிந்தது.

"வாத்தியார் இல்லாததும் ஒரு வகைக்கு நல்லதுதான்" என்றார் அவர். "அவரு படிப்பைப் பத்தி நல்லதாத்தான் சொல்லுவாரு. நீ ஒரு வருஷம் படிச்சிருக்க. நீ சொல்லு தம்பி. இந்தப் புள்ள என் மக. இதப் படிச்சே தீருவேன்னு நிக்கிது. எங்க ஊருல என்ன பேசுறாங்கன்னா, இது ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போறவங்களப் பத்தின படிப்பாம். படிக்கப் படிக்கப் படிக்கிறவங்களுக்கும் புத்தி கலங்கிப்போகுமாம். நான் இன்னைக்குப் பூரா உக்காந்து பாக்கப் போறேன். சரியில்லேன்னா சாயங்கால பஸ்ஸுல மகளக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் விரல்கள் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தன. வந்து நின்ற ஐந்து நிமிடத்தில் ஒருத்தியின் படிப்பு என் வாயில் தொங்குகிறது என்று எனக்குப் புரிந்தது.

"கலங்கினவங்களப் பத்தியும் ஒரு பாடம் இருக்குங்க" என்றேன். "ஆனா அது ஒரு பாடந்தான். மத்தது எல்லாம் நம்மளப் பத்தினதுதான். ஏன் மறக்கிறோம், எப்படிக் கத்துக்கிறோம், எதுக்குக் கோவம் வருது, அந்த மாதிரி."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் மாட்டைச் சுழி பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தா நல்லாத்தான் இருக்க. சரி, பேசு" என்று உட்கார்ந்தார்.

நான் பேசினேன். பள்ளிக்கூடத்தில் மாதிரி இங்கே யாரும் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்த மாட்டார்கள், ஆனால் வராவிட்டால் யாரும் தேடியும் வரமாட்டார்கள் என்றேன். நூலகத்தில் எங்கள் பாடத்துக்கு ஒரே ஒரு அலமாரிதான், அதில் பாதி புத்தகம் ஆங்கிலம், முதல் மாதம் ஒன்றுமே புரியாது, பயப்படாமல் படியுங்கள், மார்கழி வாக்கில் தானாகப் புரியும் என்றேன். சந்தேகம் வந்தால் சாரிடம் கேட்கலாம், தப்பாகக் கேட்டாலும் அவர் கோபிக்க மாட்டார் என்றேன். கேட்டுக்கொண்டார்கள். குறிப்புக்கூட எடுத்தார்கள். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சத்தமெல்லாம் காற்றுக்குத்தான்.

கடைசியில் மண்டபம் ஊரிலிருந்து வந்த பையன் ஒருவன் கையைத் தூக்கினான். அவன் வீட்டில் இரண்டு வள்ளம் ஓடியது.

"அண்ணே, வசியம் எந்த வருஷம் சொல்லித் தருவாங்க?"

"வசியமா?"

"ஆளக் கண்ணாலயே பாத்துத் தூங்க வைக்கிறது. அதுக்காகத்தான் சேந்தேன்."

"அது கிடையாது" என்றேன்.

"மூணு வருஷத்துல ஒருவாட்டிகூடவா?"

வகுப்பு முதல்முறையாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பு என் பயத்தையும் கொஞ்சம் குறைத்தது. சாரின் பெரிய எச்சரிக்கை ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் படித்ததும் வீட்டில் உள்ள எல்லோருடைய மனதும் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும், அப்போது வாயைத் திறந்துவிடாதீர்கள் என்பார் அவர். நான் திறந்த கதையைச் சொன்னேன். போன விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, என் அக்கா புருஷனுக்குத் தாழ்வு மனப்பான்மை இருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் விளக்கினேன். மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். அந்த விடுமுறை முடியும்வரை ராத்தா என் தட்டில் மீன் வைக்கவில்லை. வெறும் ஆணம்தான். "குழம்புல மீன் இல்லாம இருக்கிறது உன் மனசுல எப்படி இருக்கு, சொல்லு பாப்போம்" என்று வேறு கேட்டாள்.

இதைக் கேட்டதும் கடைசி பெஞ்சுப் பெரியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். கடுக்கன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "இதெல்லாம் சரி தம்பி. நீங்க என்னதான் செய்வீங்க? ஒண்ணு செஞ்சு காட்டு" என்றார்.

எங்கள் ஆய்வுக்கூடம் என்பது ஒரு பூட்டுப் போட்ட அலமாரி. சாவி என்னிடம் இருந்தது. பேசவே பேசாத என் நண்பன் அதைத் திறந்து கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கி வந்தான். அது மிக எளிமையான ஒன்று. மேசைமேல் ஒரு காகிதம், அதில் இரட்டைக் கோட்டில் அச்சடித்த ஒரு நட்சத்திரம். கையும் காகிதமும் நேராகத் தெரியாதபடி ஒரு தட்டி மறைக்கும். எதிரே நிற்கும் கண்ணாடியில் மட்டும்தான் தெரியும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கோட்டுக்கும் நடுவில் பென்சிலை ஓட்டி நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். அவ்வளவுதான்.

மண்டபத்துப் பையன் முதலில் உட்கார்ந்தான். முதல் மூலையில் மேல்பக்கம் போக நினைத்த பென்சில் வெளியே பாய்ந்தது. திருத்தப் போனால் இன்னும் தூரம் போனது. "இது என் கையே இல்ல" என்று எழுந்துவிட்டான். அடுத்தவன் வந்தான், அதற்கடுத்தவன் வந்தான். ஒருவனுடைய நட்சத்திரம் நண்டு மாதிரி இருந்தது. ஒருவன் மூலையில் மாட்டிக்கொண்டு அங்கேயே குத்திக் காகிதத்தைக் கிழித்துவிட்டான். பெஞ்சை விட்டு எல்லோரும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். முதலில் ஒருவன் பெயரை ஒருவன் கேட்கக் கூச்சப்பட்ட பையன்கள், இப்போது "ஏலே, இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நகருங்கப்பா" என்று கடுக்கன்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பென்சிலை ஏரின் மேழியைப்போல இறுக்கிப் பிடித்தார். பென்சில் நினைத்த பக்கம் நகரவே இல்லை. அவர் முகம் சிவந்தது.

"கண்ணு மேல போகச் சொல்லுது. கை கீழ போகுது. என்ன தம்பி இது?"

"இவ்வளவு நாளும் கண்ணும் கையும் சேர்ந்து ஒரு பழக்கம் பழகியிருக்குங்க. கண்ணாடி அதை மாத்திப் போட்டுருது. பழைய பழக்கத்தை விட்டுட்டுப் புதுசு பழக எவ்வளவு நேரமாகும்னு பாக்கிறதுதான் எங்க வேலை."

அவர் விடவில்லை. நுனிநாக்கைக் கடித்துக்கொண்டு முழு நட்சத்திரத்தையும் எப்படியோ சுற்றி முடித்தார். காகிதத்தைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். பிறகு திரும்பி, "நீ வா ஆத்தா" என்றார்.

அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் முதல் தடவை பென்சில் கோட்டைத் தாண்டி ஓடியது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தாள் கேட்டாள். அப்புறம் இன்னொன்று. மூலைக்கு வந்ததும் பென்சிலைத் தூக்காமல் நிறுத்தி, மூச்சு விட்டு, அப்புறம் திருப்பினாள். நான்காவது தாளில் இரண்டே இடத்தில்தான் கோட்டைத் தொட்டிருந்தாள்.

அவள் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இப்போது என்னைப் பார்த்து, "அண்ணே, நாளைக்கு இதையே செஞ்சா இந்தப் பழக்கம் மறந்திருக்குமா, இருக்குமா?" என்று கேட்டாள்.

ஒரு வருடத்தில் அந்தக் கேள்வி எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றியதில்லை.

"நாளைக்கு வாங்க, பாத்துருவோம்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

சார் நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் மணல், சட்டை கசங்கி, நெற்றித் திருநீறு வியர்வையில் பாதி அழிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. காற்று கொஞ்சம் தணிந்ததும் வண்டியை விட்டிருக்கிறார்கள். தாயாரை வீட்டுத் திண்ணையில்கூட இறக்காமல் ஸ்டேஷனிலிருந்து நேரே ஜட்காவில் வந்திருக்கிறார். தாயார் இன்னும் ஜட்காவிலேயே தீர்த்தச் சொம்போடு உட்கார்ந்திருந்தார்.

கடுக்கன்காரரைப் பார்த்து, "இவரும் புது மாணவரா?" என்று சார் கேட்டார்.

"இல்லீங்க. மகளக் கூட்டிட்டுப் போகலாமான்னு பாக்க வந்தேன்."

"கூட்டிட்டுப் போறீங்களா?"

மகளின் நான்கு தாள்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். "புள்ள நாளைக்கு என்ன ஆகும்னு கேட்டுருச்சு" என்றார். "அதத் தெரிஞ்சுக்காமக் கூட்டிட்டுப் போனா வீட்டுல என்னைத் தூங்க விடாது. இங்கன இதோட சித்தி வீடு இருக்கு. அங்கன விட்டுட்டுப் போறேன்."

அவள் குனிந்து பென்சிலைச் சீவத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

மறுநாள் அவள் மறுபடியும் செய்தாள். பழக்கம் பெருமளவு அப்படியே இருந்தது. அந்த வருடம் முழுக்க அவளுடைய கேள்விகளுக்குப் பதில் தேடியே நாங்கள் மூவரும் படித்தோம். வேறு வழியில்லை, இரண்டாம் வருடத்துக்காரர்களுக்கும் ஒரு மானம் இருக்கிறதே. மண்டபத்துப் பையன் ஒரு வாரம் பொருளாதார வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தான். அங்கே யாரும் சிரிப்பதில்லை என்று திரும்பி வந்துவிட்டான்.

பட்டம் முடிந்து அவள் மேற்படிப்புக்குச் சென்னை கிளம்பியபோது நான் அங்கே படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறை முடிந்து திரும்பும்போது, அவளும் அவள் அய்யா கடுக்கன்காரரும் ஏறிய அதே பெட்டியில் எனக்கும் இடம் கிடைத்தது. மானாமதுரை தாண்டி வெயில் இறங்கும் நேரம். எதிர் இருக்கையில் ஒரு ஜவுளி வியாபாரி காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். அய்யா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க காலை ஆட்டுறீங்களே, அதுக்கு மனசுல ஒரு காரணம் இருக்கும்" என்றார். வியாபாரி ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கவலையோடு, "என்ன காரணம்?" என்று கேட்டார்.

அய்யா மகள் பக்கம் திரும்பினார். "சொல்லு ஆத்தா."

"எனக்குத் தெரியாது அய்யா" என்றாள் அவள். "அவரத்தான் கேக்கணும்."

வியாபாரி கொஞ்சம் யோசித்தார். "காலு மரத்துப் போச்சும்மா, அதான்" என்றார். அய்யா உடனே நகர்ந்து உட்கார்ந்து, அவர் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டார்.