களைப்பே வராத பொம்மை

உங்களுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் நான் பாய்லர் பார்த்தேன். ஊரில் பலர் வேலை தேடி பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அங்கிருந்து ஒரு இன்ஜினியர் எங்களைத் தேடி வந்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஃபேக்டரி முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் பொம்மைப் படமாக்கி ஓட்டிப் பார்க்கப் போகிறாராம். மெஷின்கள் உள்ளே போய்விட்டன, இனி ஆட்கள்தான் பாக்கி என்றார். எதற்கு? யாரை வேலையை விட்டு நிறுத்தலாம் என்று பார்க்கத்தானே?

பழம் தரம் பிரிக்கிற பெல்ட்டில் உங்கள் அம்மா நின்றாள். அவள் கையில் வாட்ச் மாதிரி ஒரு பட்டையைக் கட்டினார்கள். கை அசைவு, நாடித்துடிப்பு எல்லாம் அதில் பதியுமாம்.

"நாங்க ஒண்ணுக்குப் போறதையும் போட்டுக் குடுக்குமா சார்?" என்றாள் பக்கத்தில் நின்ற அக்கா.

இன்ஜினியர் சிரித்தார்.

அந்த பெல்ட்டில் நாலு பெண்கள். இடுப்பு வலித்தால் ஒருத்தி சற்று உட்காருவாள், மற்றவர்கள் அவள் பழத்தையும் பார்த்துக்கொள்வார்கள். பட்டை வந்த பிறகு, உட்காரப் போகிறவள் அதைக் கழற்றி நிற்கிறவள் கையில் கட்டிவிட்டாள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது.

வாரக் கடைசியில் இன்ஜினியர் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். அம்மாவின் பட்டைக் கணக்கை வைத்துச் செய்த ஒரு பெண் பொம்மை காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓயாமல் பழம் பொறுக்கியது.

"இவங்களுக்குக் களைப்பே வரல. ரெண்டு பேர் போதும்."

சூப்பர்வைசர் தலையாட்டினார். வேலை போனால் அம்மா திருப்பதியில் லாட்ஜ் பெருக்கத்தான் போக வேண்டும். உங்கள் இருவரையும் யாரிடம் விடுவது? உண்மையைச் சொன்னாலோ, ஏமாற்றினாள் என்றே அனுப்பிவிடுவார்கள். பேசாதே என்று கண்ணைக் காட்டினேன்.

அவள் கேட்கவில்லை. "அது நானு இல்ல சார். நாலு பேரும் மாத்தி மாத்திக் கட்டிக்கினோம்."

"எதுக்கும்மா?"

"உக்காந்தா வேலைய எடுத்துடுவீங்கன்னுதான். இப்ப இன்னாடான்னா, உக்காரலன்னு எடுக்கறீங்க!"

"அந்த பொம்மையவே கூலிக்கு வெச்சிக்கோ சார், சோறும் துன்னாது" என்றாள் அக்கா. சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி அளந்தார்கள். இந்த முறை அம்மா பட்டையைக் கழற்றவே இல்லை. வலித்தபோது அதோடேயே போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் என் கண் சூப்பர்வைசர் பக்கம் போனது.

புதுப் படத்தில் பொம்மையும் உட்கார்ந்தது. நாலு பேரும் வேண்டும் என்று முடிவானது. பெல்ட் ஓரம் ஒரு ஸ்டூலும் போட்டார்கள். அம்மா தைரியமாக அதில் உட்கார்ந்தாள். நான்தான், அடுத்த மாம்பழ சீசனுக்கும் அவளை வேலைக்குக் கூப்பிட்டு ஆள் வரும்வரை, அந்த ஸ்டூலை நம்பவில்லை.