கையால் மறைக்கத் தெரியாத மீன்கள்

எங்கள் ஊரில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் சாம்பார் வாளி என் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கும். "போதும்" என்றால் அவர் காதில் விழாது. இலையைக் கையால் மறைத்தால்தான் நகர்வார். மறைத்த கையின் மேலேயே ஊற்றிய கதையும் உண்டு.

இப்படிப்பட்டவர் அம்பத்தூர் பட்டறை வேலையை விட்டுவிட்டு, ஆவடிப் பக்கத்து ஏரியில் இரண்டு வலைக்கூண்டுகளை மிதக்கவிட்டு மீன் வளர்க்க ஆரம்பித்தார். பயிற்சிக்கு இருவரும் போயிருந்தோம். தண்ணீரைப் பற்றிய வகுப்பு மதியம். இவர் சாப்பாட்டு வேளையில் பரிமாறப் போனவர், கடைசிவரை திரும்பவே இல்லை.

தீனியை அளந்து போடச் சொல்லியிருந்தார்கள். அளப்பதா, இவரா? மீன் மேலே வந்தால் ஒரு கை, கீழே போனால் ஒரு கை. பாவம், மறைக்க மீனுக்குக் கையில்லை. மிச்சத் தீனி அடியில் அழுகி, கோடையில் கூண்டைச் சுற்றித் தண்ணீர் கறிவேப்பிலைத் துவையல் நிறத்துக்கு வந்துவிட்டது.

"பாசி புடிச்சுகினு கீது, தீனியக் கொறைய்யா" என்றேன்.

"பச்சையா இருந்தா செழிப்புமே" என்றார். விவசாயக் குடும்பம், வேறென்ன சொல்லும்?

ஒருநாள் விடியற்காலை நானும் படகில் போனேன். முதல் கூண்டில் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. "பசிமே, தெனம் இந்நேரத்துக்கு இப்டித்தான் கேக்குதுங்க" என்று இவர் உருகிப்போய்த் தீனி அள்ளினார். நான் வாளியைப் பிடுங்கினேன்.

"முழங்கை வரைக்கும் கைய உட்டுப் பாருய்யா. உள்ளங்கை தெரிலன்னா தீனி போடக் கூடாதுன்னு அந்த வகுப்புல சொன்னாங்க."

விட்டார். மணிக்கட்டே தெரியவில்லை.

"ராத்திரி பூரா தண்ணில இருந்த காத்த பாசி இழுத்துக்கிச்சு. இதுங்க சோறு கேக்கலய்யா, காத்து கேக்குது."

அடுத்த கூண்டில் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. இவர் ஒரு மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உயிரோடிருந்த கூண்டை, காற்றடிக்கும் ஆழமான பக்கத்துக்கு இழுத்துக் கட்டினோம். தீனியை நிறுத்தினோம். அவை பிழைத்தன.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தார். கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு அள்ளிக்கொண்டு போனேன். நகக்கண்ணில் இன்னும் பச்சை ஒட்டியிருந்த கையால் தட்டை மறைத்தார்.

முப்பது வருடத்தில் முதல் தடவை. கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.