பனிக்கு முன் கறிவேப்பிலை

விடிந்ததும் விடியாததுமாக யோகமலர் கத்தரிச் செடியோடு கொழுவத் தொடங்கிவிடுவார். "வெயில் எறிச்ச நேரமெல்லாம் சும்மா நிண்டிட்டு இப்ப என்ன பூ? பனி வரப்போகுது. ஆருக்குக் காட்டப் பூக்கிறாய்?" கேட்டபடியே பூவைக் கிள்ளி எறிவார். இருக்கிற இரண்டு பிஞ்சாவது தேறட்டும் என்ற எண்ணம்தான்.

லண்டனில் மிச்சம் என்ற ஊரில், ட்ராம் ஓடும் பாதைக்கு முதுகு காட்டி நிற்கும் வீட்டு வரிசையில் அவருடையதும் ஒன்று. பின்வளவில் இரண்டு கார் விடலாம், அவ்வளவுதான் இடம். புரட்டாதி பிறந்தால் அக்கம்பக்கமெல்லாம் தோட்டக் கதிரைகளை மடித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். யோகமலருக்கு அப்போதுதான் கை துறுதுறுக்கும். பழுக்காத தக்காளி பேப்பரில் சுற்றப்பட்டு உடுப்பு அலுமாரியின் கீழ்த்தட்டில் போய்ப் படுக்கும். விதைக்கு விட்ட பாகற்காயில் பழஞ்சேலைக் கிழிசல் ஒன்று கட்டியிருக்கும். கட்டாவிட்டால் கணவர் அம்பலவாணன் பிடுங்கிக்கொண்டு வந்து, "பழுத்துப்போச்சு, இதையேன் விட்டனீர்?" என்று கேட்பார். பெற்றோல் ஸ்டேஷனில் நின்றே காலம் போன மனுசன். பம்ப் தெரியும், பயிர் தெரியாது.

விதையைப் பிரட்டி வைக்கச் சாம்பல் வேண்டும். அது பக்கத்து வீட்டு ஷெறோனின் பார்பிக்யூ அடுப்பிலிருந்து வரும். ஷெறோன் பஸ் ஓட்டுகிறவர்; வெள்ளைக்காரி, நல்ல தோள்பலம். அவர் வீட்டு மேப்பிள் மரம் கொட்டும் இலை முழுவதும் யோகமலர் பக்கம்தான் விழும். முதல் வருடம் ஷெறோன் மன்னிப்புக் கேட்க வந்தார். "நோ சொறி, ஷெறோன். கிவ் மோர்," என்று யோகமலர் வெறும் பையை நீட்டினார். இலையைக் கறுப்புப் பையில் அடைத்து, நாலு ஓட்டை குத்தி ஷெட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டால், உக்கி எருவாகிவிடும். "கவுன்சில்காரன் அள்ளிக்கொண்டு போக இதென்ன குப்பையோ? பொன்னெல்லே." ஈர இலையை இரண்டு கையாலும் அள்ளி மோந்து பார்ப்பார். அப்போது மட்டும் முகத்தில் ஒரு சந்தோசம் தெரியும். மற்ற நேரங்களில் அந்த முகத்தில் அதைத் தேடிப் பிரயோசனமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கறிவேப்பிலை. பாதியாய் வெட்டிய நீலப் பீப்பாயில், ஆளைவிட உயரமாய் நிற்கும் மரம். முதல் உறைபனிக்கு முன் அது வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே இரவில் கருகிப்போகும். வருடாவருடம் பீப்பாயை அரிசிச் சாக்கில் ஏற்றி, மூச்சு வாங்க வாங்க, தனியாளாகக் குசினி வழியே இழுத்துக்கொண்டுபோய் முன்னறையில் வைப்பார். சித்திரை வரை அம்பலவாணன் இலைக்குள்ளால்தான் டிவி பார்க்க வேண்டும்.

சாவுத் தீட்டோடு, துடக்கோடு அதைத் தொடக்கூடாது. இந்த விசயத்தில் யோகமலர் மசியவே மாட்டார். செத்த வீட்டுக்காரரின் கை பட்டால் கறிவேப்பிலை பட்டுப்போகும் என்பது அவர் கேட்டு வளர்ந்த பேச்சு. கனடாவில் தமையன் காலமான வருடம், அந்திரட்டிச் சடங்கு முடியும்வரை ஒரு மாதமாய் வளவில் கால் வைக்கவில்லை. குசினி வாசலில் நின்றபடியே, "ஷெறோன், லிற்றில் வாட்டர். லிற்றில், லிற்றில்," என்று கையால் பாகம் காட்டினார். மரத்தையும் ஷெறோன்தான் உள்ளே இழுத்தார். துடக்குக் கழிந்ததும் ஒரு தட்டு மீன் ரோல்ஸ் வேலிக்கு மேலால் போயிற்று.

சுஜீத்துக்கு மட்டும் அவர் துடக்குக் காத்ததில்லை. கடைசிச் சண்டையில், வன்னிக் கடற்கரைப் பங்கருக்குள் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க மஞ்சள் கானோடு போன ஒரே மகன். "எடுத்துக்கொண்டு உடனை வாறன் அம்மா," என்று சொல்லிவிட்டுப் போனவன். பத்தொன்பது வயது. பிறகு ஒரு தகவலும் இல்லை.

அம்பலவாணன் எத்தனையோ முறை மெல்ல வாயெடுத்திருக்கிறார். "இஞ்சரும், அவனுக்கு ஒரு காரியமெண்டாலும் செய்து விடுவமே." யோகமலர் எழும்பிப் போய் மரத்தில் ஒரு நெட்டு முறித்து வந்து அவர் முன்னால் போடுவார். "இவ்வளவு வருசமும் இந்தக் கையாலைதானே தொடுறன். அவன் இல்லையெண்டா இது பட்டிருக்குமெல்லே?" மரம் தளதளவென்று நின்றது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பெற்ற தாயும் நின்றார்.

இந்த ஐப்பசியில் அம்பலவாணன் கோயிலில் பழக்கமான ஒருவரைத் தேத்தண்ணிக்குக் கூட்டிவந்தார். கோபாலகிருஷ்ணன் என்று பெயர். மகளோடு இருக்கப் புதிதாக லண்டன் வந்தவர். கதிரையில் இருந்தவர் சுவரில் மாலை போடாமல் இருந்த படத்தைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தத் தம்பி உங்கடையோ?"

நிலத்தைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். அந்தக் கடற்கரையில் ஷெல் விழுந்த இடத்துக்கு ஓடிப்போனதையும், அந்தப் பிள்ளையைத் தானும் வேறு இரண்டு பேரும் கிடங்கு வெட்டி மூடியதையும். பெயர் தெரியாதாம், முகம் மறக்கவில்லையாம். பிடரியில் நீளமாய் ஒரு தழும்பு இருந்தது என்றார். அது படத்தில் தெரியாத தழும்பு.

அம்பலவாணன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். யோகமலர் ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி எடுத்திட்டானோ?"

"ஓம் அக்கா. கான் நிறைஞ்சு இருந்தது. தம்பி திரும்பி வாற வழியிலைதான் கிடந்தார்."

யோகமலர் தலையை ஆட்டினார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய், வேறு போட்டு வந்து வைத்தார்.

அன்று பின்னேரமே ரேடியோவில் இரவைக்கு உறைபனி என்று சொல்லிவிட்டார்கள். வந்தவர் போய்விட்டிருந்தார். யோகமலர் அரிசிச் சாக்கை உதறி எடுத்துக்கொண்டு குசினி வாசலுக்குப் போனார். அம்பலவாணன் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் செய்வோம் என்று இத்தனை வருடம் கெஞ்சிய மனுசனுக்கு, இப்போது யோகமலர் போய் அந்த மரத்தைத் தொட்டுவிட வேண்டும் போலிருந்தது. கடவுளே, தொட்டுவிடட்டும் என்று வேண்டினார்.

யோகமலர் ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார்.

"ஷெறோன்," என்று வேலிப்பக்கம் கூப்பிட்டார்.

ஷெறோன் பஸ் கம்பனி ஜாக்கெட்டோடு வந்தார். யோகமலர் சாக்கை நீட்டினார். "ட்ரீ. யூ டேக். ஐ நோ டச்."

ஷெறோனுக்கு அந்த ஒரு மாதம் ஞாபகம் இருந்தது. சாக்கை வாங்கிக்கொண்டு, "ஹூ, லவ்?" என்று மெல்லக் கேட்டார்.

"மை சன்."

பீப்பாய் குசினித் தரையில் உரசிக்கொண்டு வந்தது. நடைக்குள் திரும்பும்போது கொப்பொன்று வளைந்து யோகமலரின் பக்கம் வந்தது. அவர் முகத்தைத் திருப்பி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஓர் இலைகூட மேலில் படாதபடி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.