அந்த ஜன்னல் சொல்லாத பதில்

போன வருஷம் தை மாதம், ஓர் அமாவாசை நாளில் இது நடந்தது. நான் செஞ்சி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் வேலை செய்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் நான். பஸ் பத்து நிமிஷம் தாமதம் என்றால், எங்கோ கவிழ்ந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிடுவேன்.

என் மகள் பக்கத்து ஊர் கல்லூரியில் இரண்டாம் வருஷம். உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்தாள். கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது, இவளுக்கு வரவில்லை. கேட்டால், "வரும்மா, டென்ஷன் ஆகாத" என்பாள். பீஸ் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று கடையில் யாரோ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அமாவாசையன்று பாதி ஊர் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடும், கடையில் கூட்டம் இருக்காது. லீவு கேட்டு, மகளுக்குச் சொல்லாமலே கிளம்பினேன். பஸ்ஸெல்லாம் கோயிலுக்கு ஸ்பெஷலாகப் போய்விட்டதால், ஒரு மணி நேரம் வெயிலில் நின்றுதான் போய்ச் சேர்ந்தேன்.

கல்லூரி ஆபீசில் உதவித்தொகைக்கென்று தனி ஜன்னல். உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மா. மகள் பெயரைச் சொல்லி, "பணம் வந்துச்சா மேடம்?" என்றேன்.

"உங்க பொண்ணு வந்திருக்காங்களா?"

"இல்ல மேடம். நான் அவளோட அம்மா."

"அப்ப நான் எதுவும் சொல்ல முடியாதும்மா. அவங்களுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. அவங்க விவரம் அவங்களோடது. நேர்ல வரச் சொல்லுங்க, இல்லன்னா 'எங்கம்மாகிட்ட சொல்லலாம்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தனுப்பச் சொல்லுங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "பெத்தவகிட்டயே மறைக்கிற அளவுக்கு அதுல இன்னா மேடம் இருக்குது?"

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க. ஆனா பதில் அதேதான்." எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "கலெக்டர் ஆபீஸ்லகூட இவ்ளோ கெடுபிடி இல்லம்மா" என்று சிரித்தார். தண்ணீரைக்கூடக் குடிக்காமல் திரும்பினேன். வழியெல்லாம் அந்த அம்மாவை மனசுக்குள் வைதுகொண்டே வந்தேன். சொல்லாமல் போனதற்கு மகள் கோபித்துக்கொள்வாள் என்று அவளிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலையில் ஆற்றாமையோடு முதலாளியிடம் சொன்னேன். "இதுக்கா கண்ணக் கசக்குற? நான் சரக்கு எடுக்க அந்தப் பக்கம்தான் போறேன். பேரையும் நம்பரையும் எழுதிக் குடு, விசாரிச்சுட்டு வரேன்" என்றார். பில் தாளின் பின்பக்கத்தில் மகளின் பெயரையும் கல்லூரி ரோல் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். அப்பாடா என்றிருந்தது.

மதியம் ஒரு வாடிக்கைக்காரம்மா புடவையைப் புரட்டிக்கொண்டே, "ஏம்மா, உன் வூட்டுக்காரரு பெங்களூர்லதான இருக்காரு? அங்க பட்டு வெல கம்மியாமே, கேட்டுச் சொல்லேன்" என்றார்.

கையிலிருந்த புடவை நழுவிவிட்டது.

பெயர் போடாமல் எழுதுவதால்தான் இதைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பெங்களூரில் இல்லை. எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. எங்களை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவலூர்பேட்டைப் பக்கமிருந்து செஞ்சிக்கு வந்தபோது, தனியாக இருக்கிறவள் என்று தெரிந்தால் யார் எப்படிப் பேசுவார்களோ என்று பயந்து நான் சொன்ன பொய் அது. உண்மை ஒரே ஒரு காகிதத்தில்தான் இருந்தது. தாலுகா ஆபீசில் அலைந்து வாங்கிய, கணவனால் கைவிடப்பட்டவள் என்ற சான்றிதழ். அது மகளின் உதவித்தொகை மனுவோடு அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி நானே ஆளை அனுப்பியிருக்கிறேன்! முதலாளிக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் பஜாருக்கே தெரியும். கெட்டவர் இல்லை, ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது. போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலையை விட்டுவிடலாமா, வேறு ஊருக்கே போய்விடலாமா என்றெல்லாம் மனசு ஓடியது.

நாலு மணிக்கு முதலாளி வந்தார்.

"ஏம்மா, அந்த ஜன்னல்ல ஒக்காந்திருக்குதே ஒரு அம்மா, இன்னா சாப்ட்டு வளந்துச்சோ! பெரிய பெரிய ஆளுங்க பேரெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன், அசையல. அந்தப் பொண்ணு உதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருக்குதா இல்லியான்னுகூட வாயத் தொறக்கல. 'கேக்க வேண்டியவங்க நீங்க இல்ல சார்'னுது. என்னைய!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அட, அழாத. வேற ஆளப் புடிப்போம்" என்றார். "வேணாம் முதலாளி, வேணவே வேணாம்" என்றேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முதலாளிகிட்டயா குடுத்த?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள். மனு கொடுத்த அன்று பின்னால் பையன்கள் நின்றிருந்தார்களாம். அந்த அம்மா சான்றிதழை வாங்கியதும், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மற்ற காகிதங்களைப் பார்த்தாராம்.

மறுநாள் இருவரும் போனோம். அந்த அம்மா என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மகளிடம், "அம்மா முன்னாடி சொல்லலாமா?" என்று கேட்டார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளாக அவளைக் கேட்காமல் நான் செய்ததெல்லாம் அந்த ஒரு பார்வையில் இருந்தது. "சொல்லுங்க மேடம்" என்றாள். பேங்க் கணக்கில் ஆதார் சேரவில்லை, அவ்வளவுதான். சரிசெய்தோம், பரீட்சைக்கு முன்பே பணம் வந்தது.

கிளம்பும்போது அந்த அம்மாவின் தண்ணீர் பாட்டிலை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். அவர் லேசாகச் சிரித்தார்.

முதலாளி இன்னும் மறக்கவில்லை. கல்லூரிப் பேச்சு வந்தாலே, "ஒரு வார்த்த சொல்லலியே அந்தம்மா" என்று திட்டுகிறார். அவர் திட்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து புடவையை மடித்துக்கொண்டே, என் மானத்தைக் கவிழ்த்து வைத்துக் காப்பாற்றிய அந்தக் கைகளை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.